நிறம் போன தண்ணீர்

மார்ச் 6, 2023, திங்கள்

காலை 6.40. பீக்கர் பதினான்கு.

பன்னிரண்டு தோல்வி. பதின்மூன்றாவதில் சிவப்பு இளஞ்சிவப்பாகி அங்கேயே நின்றுகொண்டது. பதினான்காவதில் தண்ணீர் தண்ணீராக இருக்கிறது. பீக்கருக்குப் பின்னால் பேனாவைப் பிடித்தால் அதன் மேல் அச்சடித்த பெயரைப் படிக்க முடிகிறது.

பொருள்: காலிஃபிளவர் தழை. மார்க்கெட்டில் பூவை எடுத்துக்கொண்டு வீசி எறிகிற தழையும் தண்டும். கழுவி, கொதிக்கவைத்து, காயவைத்து, அரைத்து, ரவை பதத்துக்குச் சலித்தேன். சாயக்கழிவில் சல்ஃபூரிக் அமிலம் விட்டு பி.எச். இரண்டுக்கு இறக்கினால்தான் இந்தத் தூள் சாயத்தைப் பிடிக்கிறது. பிடித்த பிறகு காஸ்டிக் சோடா விட்டு ஏழுக்கு ஏற்ற வேண்டும். இதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். எல்லாரும் ஒரு லிட்டரோடு நிறுத்திக்கொண்டவர்கள். நான் தினம் நாற்பதாயிரம் லிட்டரில் செய்யப் போகிறேன்.

சுத்திகரிப்பு பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ளும் மயில்சாமி பீக்கரை மோந்து பார்த்தார். "கொழம்புல போட வேண்டியதச் சாயத்துல போட்டிருக்கீங்க சாரு" என்றார். என்னைவிட இருபது வயது மூத்தவர். சார் என்றும் சொல்வதில்லை, தம்பி என்றும் சொல்வதில்லை, சாரு.

ஆய்வுக் குறிப்பு எல்லாம் கம்பெனி கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதில் எண்தான் எழுதலாம். திட்ட முடியாது. அதற்காக இந்த டைரி.

மார்ச் 9, வியாழன்

தழை நாறுகிறது. இரண்டு நாள் வைத்தால் செத்த எலி வாசம். காயவைக்கத் தார்ப்பாய் கேட்டு மூன்று நாளாயிற்று. இந்தப் பட்டறையில் துணிக்கு இருக்கிற மரியாதை தண்ணீருக்கு இல்லை.

ராமலிங்கம் அண்ணன் வந்தார். சாயப்பட்டறை முதலாளி. பாய்லர் ஓட்டுகிறவர் முதல் ஆடிட்டர் வரை எல்லாருக்கும் அண்ணன். எம்.டெக். முடித்து இரண்டு வருடம் கம்பெனி கம்பெனியாக அலைந்த என்னைக் கூப்பிட்டு, இந்தா ரூம், இந்தா கண்ணாடிச் சாமான், நிறத்தை மட்டும் எடுத்துக் குடு என்றவர் அவர்தான். பதினான்காவது பீக்கரை வெயிலில் தூக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் குடிக்கிற தண்ணீர் டம்ளரை வைத்து போட்டோ எடுத்துக்கொண்டார்.

நான் விளக்கினேன்: இது முதல் படி மட்டும். நிறம்தான் போயிருக்கிறது. துணியில் சாயம் ஏறுவதற்காக நாம் மூட்டை மூட்டையாகப் போடுகிற உப்பு அப்படியே தண்ணீரில் இருக்கிறது. இதன் பிறகு ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக எடுத்து, தண்ணீரைத் திரும்பப் பட்டறைக்கே விட வேண்டும். வெளியே ஒரு சொட்டு விடக் கூடாது என்பது சட்டம். நிறம் போனால் ஆர்.ஓ. சவ்வு அடைக்காது, செலவு குறையும்.

"தெரியும் தம்பி" என்றார். கண்ணை பீக்கரிலிருந்து எடுக்கவில்லை.

மார்ச் 15, புதன்

நிறநீக்கம் 97.2 சதவீதம். தார்ப்பாய் வந்தது. ஓட்டை.

மார்ச் 19, ஞாயிறு

அக்கா தோட்டத்துக்குப் போனேன். ரோட்டில் சுற்றினால் ஒன்பது கிலோமீட்டர். பட்டறைக்குப் பின்னால் போகிற ஊஞ்சப் பள்ளத்தை ஒட்டியே நடந்தால் நான்கு. மழை பெய்தால் அது ஓடை. மற்ற நாளில் மேலே வாய்க்காலிலிருந்து கசிகிற தண்ணீர் கொஞ்சம் தேங்கி நிற்கும், அவ்வளவுதான்.

மச்சான் கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். "வாங்க சாயக்காரரே. கைய நல்லாக் கழுவிட்டு உக்காருங்க, கறிக்கொழம்பு நெறம் மாறிரப் போகுது." ஒவ்வொரு தடவையும் இதே மாதிரி ஒன்று. அக்கா தட்டை வைத்துவிட்டு, "அவனச் சீண்டலீன்னா உங்களுக்குச் சோறு எறங்காதா" என்றாள்.

அவர் சீண்டுவதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் இந்தப் பள்ளத்தில் சாயம் ஓடியது. மஞ்சள் போட்டிருந்த நான்கு ஏக்கரும் உப்பேறி வெள்ளை பூத்துப்போனது. இன்றும் அங்கே சீமைக்கருவேலம்தான். மறியலில் உட்கார்ந்தார், கோர்ட்டுக்குப் போனார். கடைசியில் மிஞ்சியது மாடுகள். இப்போது இரண்டு. கருப்பி கறக்கிறது. செவலை ஏழு மாதச் சினை. காலையும் மாலையும் சொசைட்டிக்கு ஊற்றுகிற பாலில்தான் வீடு நடக்கிறது. என் எம்.டெக். படிப்பும் அதில்தான் நடந்தது. மச்சான் அதை ஒருநாளும் சொன்னதில்லை. அக்கா சொல்லாத நாளில்லை.

இங்கே எல்லா போர் கிணற்றுத் தண்ணீரும் உப்பு. மனிதர்கள் குடிக்கக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வாரம் ஒருநாள் வரும். மாட்டுக்கு உப்புத் தண்ணீர்தான், பழகிவிட்டது. பள்ளத்தில் தண்ணீர் நின்றால் அங்கேயும் இறக்குவார்கள், ஆனால் நிறம் கண்டால் தொடமாட்டார்கள். அதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். பள்ளத்துத் தடுப்பணைக்கு மேல் ஒரு கல்தூணில் ஒரு முழம் வெள்ளைப் பனியன் துணியைக் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டிருப்பார்கள். விடிந்ததும் ஒருவர் போய்த் தூக்கிப் பார்ப்பார். பொட்டு நிறம் ஏறியிருந்தாலும் அன்று ஒருவரும் மாட்டை இறக்கமாட்டார்கள். பன்னிரண்டு வருடமாக நடக்கிறது. இப்போது இதற்கு வாட்ஸப் குரூப் உண்டு. ஊரெல்லாம் ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொல்கிறது, இவர்கள் துணிப் படம் போடுகிறார்கள்.

நான் சிரித்தேன். மச்சான் சிரிக்கவில்லை. துணி வெள்ளையாக இருந்த நாளில்கூட அவர் மட்டும் மாட்டை இறக்கியதில்லையாம். சாயக்காரனை நம்பமாட்டாராம்.

நிறத்தை அளக்கிற என் ஸ்பெக்ட்ரோ மெஷினும் அந்தத் துணி செய்வதைத்தான் செய்கிறது, மூன்று தசமம் கூடுதலாக, என்று சொன்னேன். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தார்.

ஏப்ரல் 3, திங்கள்

முழு அளவில் ஆரம்பம். காலை லாரியில் இரண்டு டன் தழை, ஏற்கெனவே அரைத்துவைத்த தூள் இருநூறு கிலோ. அமிலப் பம்ப் இருமுறை நின்றது. மூன்றாவது முறை எட்டி உதைத்தேன், ஓடியது. மதியம் 2.10க்குத் தெளிந்த தண்ணீர் தொட்டியில் விழுந்தது. மயில்சாமி ஒரு ரூபாய்க் காசைத் தொட்டியில் போட்டார். பத்தடி ஆழத்தில் கிடப்பது தெரிந்தது. யாரும் இறங்கி எடுக்க முடியாது என்று இப்போது வருத்தப்படுகிறார்.

சாயம் குடித்த தூளைப் பிழிந்து பாய்லரில் போட்டு எரிக்கிறோம். நன்றாக எரிகிறது.

ஆர்.ஓ. சவ்வுகளை சர்வீசுக்குக் கழற்றியிருக்கிறார்கள், ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார் அண்ணன். அதுவரை தெளிந்த தண்ணீர் பெரிய தொட்டியில் தேங்கும்.

ஏப்ரல் 7, வெள்ளி

பெரிய தொட்டி கொள்ளளவு ஒன்றரை லட்சம் லிட்டர். நான்கு நாள் தண்ணீர் விட்டிருக்கிறோம். நேற்று மாலை தளும்பியது. இன்று காலை முழங்கால் அளவு.

மயில்சாமியிடம் கேட்டேன். மரத்துக்கு விட்டோம் என்றார். காம்பவுண்டை ஒட்டி வேப்பமரம் நாற்பது இருக்கும். உப்புத் தண்ணீரை மரத்துக்கு விடாதீர்கள், வேர் கருகும் என்று சொன்னேன். தலையாட்டினார்.

என் வேலை நிறம். அது நடக்கிறது. இன்று 97.9.

ஏப்ரல் 12, புதன்

மச்சான் போன், சரியாக நான் அமிலம் விடும் நேரத்தில். நான்கைந்து நாளாகப் பள்ளத்தில் தண்ணீர் ஓடுகிறதாம், இந்தக் கோடையில். வாய்க்கால் கசிவு என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். துணி சுத்த வெள்ளை. போர் நின்றுபோய் ஒரு வாரம் ஆயிற்று, மாட்டுக்குத் தண்ணீர் சுமந்து அக்காவுக்கு இடுப்பு விட்டுப்போனது என்றெல்லாம் நீட்டினார்.

"மத்தவங்க எல்லாம் எறக்கிட்டாங்க. நான் உங்களக் கேட்டுட்டு எறக்கலாம்னுதான் மாப்ள. எறக்கலாங்களா?"

"துணி வெள்ளையாத்தானுங்க இருக்குது? அப்பறம் என்னுங்க மச்சான், எறக்குங்க."

வைத்துவிட்டேன். அதற்குள் பி.எச். 1.4க்குப் போய்விட்டது. மறுபடி காஸ்டிக், மறுபடி அமிலம். போன் எடுத்தால் இதுதான்.

ஏப்ரல் 14, வெள்ளி

வருடப்பிறப்பு. பட்டறை பாதி லீவு. அக்கா போட்டோ அனுப்பினாள்: கருப்பியும் செவலையும் பள்ளத்தில் வயிறு நனைய நிற்கின்றன. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கருப்பியைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை என்று எழுதியிருந்தாள். குரூப்பில் என் பெயர் வேறு. லோகேஸ்வரன் மிஷின் போட்ட பிறகுதான் பள்ளம் வெள்ளையானது என்று மச்சானே போட்டிருக்கிறார். சாயக்காரர் என்று போடவில்லை.

பெருமையாக அண்ணனிடம் காட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கினார். பிறகு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இது எந்தப் பக்கம்? யார் தோட்டம்?" என்றார். சொன்னேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இனிப்பு எடுத்துக்கொண்டு போ என்றார். ஒரு பாக்கெட் போதும் என்றேன், இரண்டு கொடுத்தார்.

ஏப்ரல் 18, செவ்வாய்

தழை லாரி மூன்று மணிநேரம் தாமதம். ஆர்.ஓ. சவ்வு இன்னும் வரவில்லை. தொட்டி காலையில் காலி. 98.0.

ஏப்ரல் 21, வெள்ளி

அக்கா போன். இரண்டு மாடும் தண்ணீராகக் கழிகின்றன, கருப்பி பால் பாதியாகிவிட்டது. தீவனம் மாற்றினீர்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். வெயில் நூற்றிரண்டு டிகிரி, மனிதனுக்கே கழிகிறது என்றேன். மாதுளம் ஓடு அரைத்துக் கொடுக்கிறாளாம். கொடுக்கட்டும்.

ஏப்ரல் 24, திங்கள்

கருப்பிக்குக் கண் தெரியவில்லை என்கிறாள். நேற்று சாயங்காலம் பள்ளத்திலிருந்து வரும்போது வேலியில் போய் முட்டியிருக்கிறது. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார், நாலைந்து நாள் பார்க்கலாம் என்றார்.

நான் மாட்டு டாக்டர் இல்லை. எனக்கு என்ன தெரியும் என்று சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா சொன்னேன் கண்ணு என்றாள்.

ஏப்ரல் 26, புதன்

அண்ணன் தன் கூட்டாளிகள் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் பட்டறை வைத்திருப்பவர்கள். பிளான்ட்டைச் சுற்றிக் காட்டினேன். தழை, தூள், அமிலம், தெளிந்த தொட்டி. ஒருவர் கையால் அள்ளிப் பார்த்தார். அவர்களிடமும் இதைப் போட வேண்டும், மூன்று பட்டறைக்கும் நான் பொறுப்பு, இரண்டு உதவியாளர்கள், தனி ஆய்வுக்கூடம். படித்த காலத்திலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குட்டையாக இருந்தவர் வெள்ளந்தியாகக் கேட்டார்: "கலரே போயிருச்சுன்னா அப்பறம் ஆர்.ஓ. எதுக்குங்க ஓட்டோணும்?"

அண்ணன் சடக்கென்று, வாங்க சாப்பாடு ஆறுது என்று அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

முட்டாள்தனமான கேள்வி. ஆர்.ஓ. ஓட்டாவிட்டால் உப்பு எங்கே போகும்?

ஏப்ரல் 27, வியாழன்

காலை 5.30க்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. பெரிய தொட்டியின் அடிக்குழாய் வேப்பமரங்கள் பக்கம் போகவில்லை. கழிவறைக்குப் பின்னால் மண்ணில் இறங்கி, காம்பவுண்டுக்கு வெளியே கருவேலப் புதருக்குள் வாயைத் திறந்துகொண்டு பள்ளத்தைப் பார்க்கிறது. ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. கண்ணாடி மாதிரித் தண்ணீர். அடியில் கூழாங்கல் தெரிந்தது.

கை மீட்டரை நனைத்தேன். கரைந்த உப்பு லிட்டருக்கு 9,400 மில்லிகிராம். பள்ளத்தோடு நடந்துகொண்டே இரண்டு இடத்தில் பார்த்தேன். 9,100. 8,800. வேறு எந்தத் தண்ணீரும் சேரவில்லை. கசிவு என்று ஒன்று இந்தக் கோடையில் இல்லவே இல்லை. அக்கா தோட்டம் வரை நடக்கவில்லை. திரும்பிவிட்டேன்.

அந்த உப்பில் பெரும்பகுதி சல்ஃபேட். பட்டறையில் போடுவது சோடியம் சல்ஃபேட். அதன் மேல் நான் விடுவது சல்ஃபூரிக். கால்நடைகள் எவ்வளவு தாங்கும் என்று தேடிப் படித்தேன். சல்ஃபேட் மூன்றாயிரம் தாண்டினால் முதலில் கழிச்சல், பிறகு கண், பிறகு மூளை. தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்கும் என்று போட்டிருந்தது. அதற்கு மேல் படிக்கவில்லை.

மயில்சாமியைப் பிடித்து உலுக்கினேன். அவர் என் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"உங்களுக்குத் தெரியும்னே நெனச்சிட்டிருந்தேன் சாரு. இதுக்குத்தானே உங்களக் கூட்டிட்டு வந்தாங்க?"

ஏப்ரல் 28, வெள்ளி

அண்ணனிடம் போனேன். கத்தினேன். அவர் கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு எனக்கு மோர் வரவழைத்தார்.

ஆர்.ஓ. சவ்வு சர்வீசுக்குப் போகவில்லை. போன வருடமே கிழிந்தது. உப்பைக் காய்ச்சுகிற மெஷினும் அப்படியே. இரண்டையும் ஓட்டினால் இந்த வருடம் பட்டறை ஓடாது, நூற்றுப்பத்துப் பேர் வீட்டுக்குப் போக வேண்டும், நாலு தெரு தள்ளி ஏற்கெனவே இரண்டு பட்டறை பூட்டியாயிற்று என்று வரிசையாகச் சொன்னார். பொய் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல்.

"பன்னெண்டு வருசமாச் செவப்புத் தண்ணிதான் என் கனவுல வரும் தம்பி. ஒரு வால்வு கசிஞ்சாப் போதும், ஊரே வாசல்ல வந்து நிக்கும். அந்தப் பயத்த நீ எடுத்துட்ட. இப்ப நீயே வந்து மெரட்டுற."

எங்கள் அக்கா மாடு என்றேன். அவர் முகம் சுருங்கியது, நிஜமாகவே. "போட்டோ பாத்தன்னிக்கே நெனச்சேன். மாட்ட அந்தப் பக்கம் விட வேண்டாம்னு சொல்லிரு. காரணம் சொல்லாத" என்றார். இந்த ஆர்டர் போகட்டும், மே 8ஆம் தேதி புது சவ்வு மாட்டிவிடுகிறேன் என்றார்.

பத்து நாள். சரி என்றேன். இதை எழுதிவைக்கிறேன்: சரி என்றேன்.

மாலையில் அக்காவுக்குப் போன் செய்து, மாட்டுக்குக் கொஞ்ச நாள் பள்ளத்துத் தண்ணீர் வேண்டாம் என்றேன். போர்தான் வற்றிவிட்டதே, வேறு எங்கே போவது என்றாள். குழாய்த் தண்ணீர் கொடு என்றேன். வாரத்துக்கு எட்டுக் குடம் வருகிற தண்ணீரையா என்று சிரித்தாள்.

"ஏன் கண்ணு, தண்ணில என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. வெயிலு."

ஏப்ரல் 30, ஞாயிறு

லாரி இரண்டு நடை. 98.1.

மே 2, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். கருப்பி நிற்கிற நிலை சரியில்லை, வா கண்ணு என்றாள். லீவு சொல்லாமல் போனேன்.

கருப்பி கட்டுத்தரைச் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றது. நேற்று மத்தியானத்திலிருந்து அப்படியே என்றார் மச்சான். இழுத்துத் திருப்பினால் சுற்றி வந்து மறுபடி அதே சுவரில். நெற்றித் தோல் வழன்று சுண்ணாம்பில் ரத்தக்கறை. பற்களை நறநறவென்று கடிக்கிற சத்தம் வாசலுக்குக் கேட்டது. அக்கா அதன் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் சாக்கை மடித்து வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் மாற்றிப் பிடித்தேன். மாட்டின் தலை அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பத்தே காலுக்கு விழுந்தது. பதினொன்றுக்கு முன்னால் முடிந்தது.

டாக்டர் அதற்குப் பிறகுதான் வந்தார். மூளையில் ஏதோ என்றார். தீவனம் என்ன, பூச்சிமருந்து டப்பா எதையாவது நக்கியதா, தண்ணீர் எப்படி என்று வரிசையாகக் கேட்டார்.

"தண்ணில கோளாறு இல்லைங்க டாக்டர்" என்றார் மச்சான். "வெள்ளைத் தண்ணி. அதும் சும்மா எறக்கல, எங்க மாப்ளயக் கேட்டுட்டுத்தான் எறக்குனேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"கெமிக்கல் இன்ஜினியரிங்."

"அப்பச் சரி" என்றார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வாயைத் திறந்தேன். அதற்குள் ஜே.சி.பி. வந்து நின்றது. குழி எங்கே என்று எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அக்கம்பக்கத் தோட்டத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர். அவர்கள் வீட்டிலும் கழிச்சல், ஒரு கன்று கண் தெரியாமல் இருக்கிறது, ஏதோ புது நோய் பரவுகிறது என்று பேசிக்கொண்டார்கள். இத்தனை பேர் நடுவில் எப்படி.

மாட்டைப் புதைத்தால் மேலே உப்புப் போட வேண்டும். நாய் தோண்டாது, சீக்கிரம் மக்கும். மச்சான் என்னிடம்தான் சொன்னார், கல்லுப்பு இரண்டு மூட்டை வாங்கி வாங்க மாப்ள என்று. வாங்கி வந்தேன். பிரித்துக் கொட்டவும் என்னையே சொன்னார், அவருக்குக் கை வரவில்லை. வயிற்றின் மேல், முகத்தின் மேல், கொம்பு நடுவில் அந்தப் புண்ணின் மேல். மூட்டை காலியானதும் மண்ணைத் தள்ளினார்கள்.

அக்கா வாசல் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செவலை குழியைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. மச்சான் போய்க் கயிற்றை அவிழ்த்தார். வயிறு தொங்க மெதுவாக நடக்கிறது, பின்னங்கால் லேசாகப் பின்னுகிறது. பள்ளத்துப் பக்கம் திருப்பினார்.

"காலைலருந்து ஒண்ணும் தொடல. தண்ணியாச்சும் வயிறு முட்டக் குடிக்கட்டும்" என்றார் என்னைப் பார்த்து. "இந்த வருசம் ஆண்டவன் தண்ணிக்கு மட்டும் கொற வெக்கல."

பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். மீட்டர் என் சட்டைப் பையில் இருந்தது. செவலை குனிந்து குடித்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மே 3, புதன்

காலை 5.05. அக்கா போன் செய்து வைத்தாள். செவலைக்கு நாலு மணியிலிருந்து கழிச்சல். கன்று வயிற்றுக்குள் அசைகிறதா என்று கை வைத்துப் பார்த்தாளாம், அசைகிறதாம். டாக்டர் எட்டு மணிக்கு வருவார். நான் வருகிறேன் என்றேன். வேலையைக் கெடுத்துக்கிட்டு வராத கண்ணு என்றாள்.

இன்று செய்ய வேண்டியவை:

1. தழை லாரிக்காரருக்குப் போன். இன்று வேண்டாம், இனி வேண்டாம்.

2. அமிலப் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கி எடுத்துக்கொள்வது. தூள் அறையைப் பூட்டுவது. அதன் பிறகு வால்வைத் திறப்பவர்கள் திறக்கட்டும், தண்ணீர் சிவப்பாகவே போகட்டும். உப்பு அதனால் அதிகமாகாது, என் அமிலம் இல்லாததால் கொஞ்சம் குறையும். நான் வாயால் சொல்வதைவிட அந்த நிறம் நான்கு கிலோமீட்டரையும் வேகமாகப் போய்ச் சேரும்.

3. குழாய் வாயிலும் தடுப்பணையிலும் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார். பெயரில்லாமல் இல்லை. என் பெயர், என் பதவி, தூளின் செய்முறை எல்லாம் சேர்த்து.

4. டாக்டரிடம் சல்ஃபேட் என்று சொல்வது. மற்ற தோட்டங்களுக்கும் இன்றே சொல்லச் சொல்வது, கண் தெரியாத அந்தக் கன்று வீட்டுக்கும்.

5. அக்காவிடம் சொல்வது. மச்சானுக்கு முன்னால், நேரில். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல ஏப்ரல் 27 வரைதான் எனக்கு உரிமை. அதற்குப் பிறகு ஐந்து நாள் தெரிந்தே. அதையும் சொல்வது.

6. ஆற்றுத் தண்ணீர் லாரி ஒன்று பிடித்துத் தோட்டத்துக்கு அனுப்புவது. கழிந்த மாடு தாகத்தோடு நிற்கிறது, விடிந்ததும் மச்சான் அவிழ்த்துவிடுவார். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். முதலில் இதைச் செய்கிறேன்.